தெருவுக்குக் கீழே போன வீடு: கும்பகோணத்தில் ஒரு பழைய வீட்டைக் குடிபோகத் தயாராக்கிய பதினொரு மாதங்கள்

2023 ஜூன் கடைசியில், ஆனி மாதத்தில், கும்பகோணத்தில் ஒரு பழைய வீட்டை எங்கள் பெயருக்குப் பதிவு செய்தோம். ஆடியை வேலைக்கு விட்டுவிட்டு ஆவணியில் பால் காய்ச்சிக் குடிபோவது என்று திட்டம். கடைசியில் பால் காய்ச்சியது அடுத்த வருஷம் வைகாசியில். சீர்செய்ய ஒதுக்கிய 7 லட்சம் 12 லட்சமாக வளர்ந்தது. காலமும் பணமும் இப்படி நீண்டதற்குக் காரணம், முதல் இரண்டு மாதத்தில் நாங்கள் செய்தது பெரும்பாலும் தப்பான வேலை. எது தப்பு, ஏன் தப்பு, அப்புறம் எப்படித் திருத்தினோம் என்பதை முழுசாக எழுதி வைக்கிறேன். டெல்டா ஊர்களில் இப்படிப்பட்ட வீடுகள் இப்போது நிறைய விலைக்கு வருகின்றன. வாங்குகிறவர்கள் பலரும் நாங்கள் தொடங்கிய இடத்திலேயே தொடங்குகிறார்கள்.

வீடு 18 அடி அகலம், 110 அடி நீளம். இரண்டு பக்கமும் பொதுச்சுவர். திண்ணை, ரேழி என்கிற நடைவழி, முற்றம், அதைச் சுற்றித் தாழ்வாரம், பிறகு கூடம், கூடத்தை ஒட்டி ஓர் அறை, இரண்டாம் கட்டில் சமையலறை, கடைசியில் கொல்லையும் கிணறும். தாழ்வாரத்துக்கு ஓடு. கூடத்துக்கும் அறைக்கும் மெட்ராஸ் டெரஸ் என்கிற, மரவிட்டத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட கூரை. கொல்லைப்பக்கம் 1980களில் சேர்த்த ஒரு கான்கிரீட் குளியலறை. சுவர்கள் 14 அங்குல கனம், செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். விற்றவரின் தாத்தா கட்டியது என்பதைத் தவிர வயதுக்கு வேறு ஆதாரம் இல்லை.

பத்திர வேலையில் சிக்கல் வரவில்லை. மூலப்பத்திரம் இருந்தது, 30 வருஷ வில்லங்கம் சுத்தமாக இருந்தது. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். 2023 ஏப்ரலிலிருந்து பதிவுக் கட்டணம் 4 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாகக் குறைந்தது, ஆனால் வழிகாட்டி மதிப்பு ஏறியது. முத்திரைத் தீர்வை 7 சதவீதத்தோடு சேர்த்து 9 சதவீதம். இந்தப் பணத்தையும் சீர்செய்யும் பணத்தையும் ஒரே பையில் வைத்துக் கணக்குப் போட்டதால், வேலை தொடங்கும்போதே கை இறுகிவிட்டது. அவசரமும் அங்கிருந்துதான் வந்தது.

முதல் வேலை, முதல் தப்பு

வீட்டைப் பார்க்கப் போனபோது ரேழியிலும் கூடத்திலும் சுவரின் கீழ்ப்பகுதி 4 அடி உயரத்துக்கு உப்பியிருந்தது. தட்டினால் டப் டப்பென்று வெற்றுச் சத்தம். முன்பு இருந்தவர்கள் அந்த உயரத்துக்குப் பழைய சுண்ணாம்புப் பூச்சைக் கொத்திவிட்டு சிமெண்டு பூசி, மேலே தண்ணீர் புகாத பெயிண்டும் அடித்திருந்தார்கள். கூடத்தின் சிவப்புத் தரைக்கு மேல் பளபளப்பான டைல்ஸ். பராமரித்த வீடு என்று அதை நல்ல அடையாளமாகவே எடுத்துக்கொண்டோம்.

ஓர் ஒப்பந்ததாரர் வந்து பார்த்தார். சிமெண்டுப் பூச்சு பழசாகிவிட்டது, கொத்திவிட்டு, தண்ணீர் புகாமல் இருக்க மருந்து கலந்து புதுசாகப் பூசி, பட்டி பார்த்துப் பெயிண்டு அடித்தால் போதும் என்றார். ஆடியில் தொடங்கி ஆவணி பிறப்பதற்குள் முடித்தார். 85 ஆயிரம் ஆனது. சுவர் கண்ணாடி மாதிரி இருந்தது. என் மனைவிதான், "ஒரு மழை பாத்துட்டுப் போலாமே" என்றாள். வாடகை வீடு மூன்று தெரு தள்ளித்தான், காத்திருப்பதில் சிரமம் இல்லை. ஆவணியைத் தள்ளினோம், புரட்டாசி எப்படியும் குடிபோகிற மாதமில்லை. இந்த வீட்டுக்காக நாங்கள் எடுத்த முடிவுகளில் மிகச் சரியானது அந்தத் தள்ளிவைத்ததுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

ஐப்பசி மழை பிடித்த மூன்றாம் வாரம். இரவு ஒன்பது மணிக்கு டார்ச்சோடு வீட்டைப் பார்க்கப் போனோம். அறையின் கூரையில் இரண்டு இடத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நான் நின்றபோது மனைவி முற்றத்திலிருந்து கூப்பிட்டாள். முற்றத்தில் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வரை தண்ணீர். மூலையில் தண்ணீர் போக வேண்டிய துவாரத்தில் கொப்புளம் கொப்புளமாக நீர் மேலே வந்துகொண்டிருந்தது. "இது மழைத் தண்ணி மட்டும் இல்லைங்க, தெருத் தண்ணி உள்ள வருது" என்றாள். வாசலுக்கு ஓடிப் பார்த்தேன். தெருவில் தண்ணீர் முற்றத்தைவிட உயரத்தில் நின்றது.

விடிந்த பிறகு சுவர்களைப் பார்த்தோம். புதுப் பூச்சு முடிகிற 4 அடிக் கோட்டுக்கு மேலே, பழைய சுவரில், 5½ அடி வரை ஈரம் ஏறி வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. பூச்சுக்குள்ளும் பட்டி தாள் மாதிரி உரிந்தது.

படிகளை எண்ணியது

அடுத்த வீட்டுப் பாட்டி திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "நான் கல்யாணமாகி வந்தப்ப இந்தத் திண்ணைக்கெல்லாம் நாலு படி இருந்துச்சு தம்பி. இப்ப எண்ணிப் பாரு" என்றார். இரண்டு இருந்தன. வாசலோரம் ஒரு முழம் தோண்டிப் பார்த்ததில் மற்ற இரண்டு கருங்கல் படிகளும் தாருக்கும் ஜல்லிக்கும் கீழே அப்படியே இருந்தன. படிக்கு 7 அங்குலம் வீதம் 14 அங்குலம். அத்தனை உயரம் தெரு ஏறியிருக்கிறது. வீடு இறங்கவில்லை, ஆனால் விளைவு ஒன்றுதான். பழைய சாலையைச் சுரண்டி எடுத்த பிறகே புதுச் சாலை போட வேண்டும், வீடுகள் தெரு மட்டத்துக்குக் கீழே போய்விடக் கூடாது என்று 2021இல் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு அதிகாரிகளுக்கு எழுதினார். நல்ல உத்தரவு. எங்கள் தெரு அதற்கு வெகுமுன்பே உயர்ந்துவிட்டது.

இந்த 14 அங்குலம்தான் வீட்டின் எல்லா நோய்க்கும் வேர். ரேழித் தரை இன்னும் தெருவைவிட உயரம்தான். ஆனால் முற்றம் ரேழியைவிட ஓர் அடிக்கு மேல் தாழ்ந்தது. ஒரு காலத்தில் முற்றத்துத் தண்ணீர் ரேழிக்கு அடியில் போகும் செங்கல் கால்வாய் வழியாகத் தெருவுக்கு இறங்கியது. இப்போது தெரு நிறைந்தால் அதே கால்வாய் வழியாகத் தண்ணீர் திரும்பி வருகிறது. மழை இல்லாத நாளிலும் கால்வாய்க்குள் தேங்கிய நீர் அடித்தளத்தை நனைத்துக்கொண்டே இருக்கிறது.

செங்கல் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். பழைய வீடுகளில் அதைத் தடுக்கும் படலம் எதுவும் கிடையாது. அதற்குப் பதிலாக அந்தச் சுவர் காய்வதற்கு வழி இருந்தது. வாசல் பக்கம் அடித்தளம் வெளியே தெரிந்தபடி வெயிலிலும் காற்றிலும் உலர்ந்தது, உள்ளே சுண்ணாம்புப் பூச்சு வழியாக ஈரம் ஆவியாகிப் போனது, தரை வழியாகவும் கொஞ்சம் போனது. தெரு ஏறியபோது வெளிப்பக்கம் அடைபட்டது. டைல்ஸ் போட்டபோது தரை அடைபட்டது. சிமெண்டு பூசியபோது சுவரின் கீழ்ப்பகுதி அடைபட்டது. ஈரத்துக்குப் போக வேறு இடமில்லாமல் மேலே ஏறியது. முன்பு இருந்தவர்கள் 4 அடிக்குச் சிமெண்டு பூசியதும், நாங்கள் இன்னும் கெட்டியாகப் பூசியதும் ஒரே தப்பின் இரண்டு தவணைகள்.

இதை எனக்குப் புரியவைத்தவர் எழுபது வயதைத் தொட்ட ஒரு மேஸ்திரி. கோயில் திருப்பணிகளில் சுதை வேலை பார்த்தவர். கும்பகோணத்தில் இந்தக் கை தெரிந்தவர்களைக் கோயில் வாசலில் விசாரித்தால்தான் பிடிக்க முடியும். அவர் கரணையின் முனையால் சுவரைச் சுரண்டி, உதிர்ந்ததை உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தார். "சுவரு வேர்க்கணும் தம்பி. வேர்க்கிற ஆளுக்கு பிளாஸ்டிக் சட்டை மாட்டி விட்டிருக்கீங்க" என்றார். அப்புறம் ஒரு நிபந்தனை போட்டார்: தண்ணீர் வருகிற வழியை முதலில் அடைக்க வேண்டும், அது முடியும்வரை சுவரில் கரணை வைக்க மாட்டார்.

அவர் சொன்னதைச் சரிபார்க்க நான் ஒரு சோதனை செய்தேன். சிமெண்டு இல்லாத பகுதியில் இரண்டு இடத்தில் ஒரு சதுர அடி பாலிதீன் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விட்டேன். தாளின் உள்பக்கம், சுவரைப் பார்த்த பக்கம், முத்து முத்தாகத் தண்ணீர். வெளிப்பக்கம் நனைந்திருந்தால் காற்றின் ஈரம் என்று எடுத்துக்கொள்ளலாம். இது சுவருக்குள்ளிருந்து வந்தது. அன்றே எல்லாச் சுவரிலும் ஈரம் நிற்கிற உயரத்தில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதினேன்.

தண்ணீரைப் பின்பக்கம் திருப்பியது

தெருவைத் தாழ்த்த எங்களால் முடியாது. எனவே முற்றத்துத் தண்ணீரைத் தெருவுக்கு அனுப்புவதையே நிறுத்தினோம். ரேழிக்கு அடியில் இருந்த கால்வாயின் தெருப்பக்கத்தைச் செங்கல் வைத்து நிரந்தரமாக மூடினோம். முற்றத்திலிருந்து கொல்லைக்கு 60 அடி, 4 அங்குல பிவிசி குழாய், 60 அடிக்கு 1 அடி வாட்டம், நடுவில் அடைப்பு எடுக்க இரண்டு தொட்டி. நாலு சரிவு ஓட்டிலிருந்து விழுகிற மழைநீர் மட்டும் இதில் போகும், பாத்திரம் கழுவுகிற தண்ணீருக்கு வேறு குழாய். கொல்லையில் கிணற்றுக்குப் பக்கம் ஒரு மழைநீர்க் குழி. 2003இலிருந்து தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம், ஆனாலும் இந்த வீட்டில் அதுவரை இல்லை. ஐப்பசி கார்த்திகையில் டெல்டா மண்ணில் நிலத்தடி நீர் மேலேயே நிற்கும், குழி சீக்கிரம் நிறைந்துவிடும். அதனால் வழிகிற நீர் கொல்லைச் சந்தின் வடிகாலுக்குப் போகும்படி வைத்தோம். சந்தில் யாரும் தார் போடாததால் அது பழைய மட்டத்திலேயே இருக்கிறது.

குழாய் கூடத்துக்கு அடியில் போக வேண்டும் என்பதால் டைல்ஸைப் பெயர்த்தோம். அடியில் அந்தக் காலத்துச் சிவப்பு ஆக்சைடு தரை. டைல்ஸ் பிடிக்க வேண்டும் என்று முழுக்க உளியால் கொத்துப் போட்டிருந்தார்கள். ஒரு முழத் துண்டை மேஸ்திரி ஈரத்துணியால் துடைத்துக் காட்டினார், மாதுளைத் தோல் நிறம். அதைக் காப்பாற்ற முடியவில்லை. அறையில் டைல்ஸ் போடாததால் அங்கே தப்பித்த தரையைத் தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்து எடுத்தோம். கூடத்துக்கு ஆத்தங்குடிக் கல் (செட்டிநாட்டுக் கைவேலைத் தரைக்கல்) வாங்கிச் சுண்ணாம்புக் கலவையில் பதித்தோம்.

கூரை

மெட்ராஸ் டெரஸ் என்பது தேக்கு விட்டங்கள், அதன்மேல் ஓர் அங்குல கனமுள்ள சிறு செங்கற்களைக் குத்துவாட்டில் மூலைக்கு மூலையாகச் சுண்ணாம்பில் அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, நாள் கணக்கில் கட்டையால் தட்டி இறுக்கி, கடைசியாகத் தட்டையான ஓடு (தட்டோடு) பதித்த கூரை. எங்கள் கூரையில் தட்டோட்டுக்கும் மேலே ஒன்றரை அங்குலம் சிமெண்டுத் தளம் போட்டிருந்தார்கள். சொட்டியதற்காகப் போட்டது. சிமெண்டு வெடித்து, வெடிப்பில் இறங்கிய தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் விட்டத்தை நனைத்தது. அதைவிடக் கவலை எடை. ஒன்றரை அங்குலச் சிமெண்டு ஒரு சதுர அடிக்கு 7 கிலோவுக்கு மேல் வரும். 450 சதுர அடிக்கு 3 டன்னுக்கு மேல். தாத்தா காலத்து விட்டங்கள் அதைத் தாங்கிக்கொண்டிருந்தன.

மிஷின் வைத்து உடைத்தால் அதிர்வில் அடுக்கு கலையும் என்பதால் கை உளியால் ஆறு நாள் எடுத்துப் பெயர்த்தார்கள். இன்னொரு ஆபத்தையும் தடுத்தோம். கான்கிரீட் மாடிக்குச் செய்வதுபோல பாத்தி கட்டி 4 அங்குலம் தண்ணீர் நிறுத்திப் பார்க்கலாம் என்று குழாய் வேலைக்காரர் சொன்னார். 450 சதுர அடியில் அது 4 டன் தண்ணீர். மரக்கூரையில் அதைச் செய்யவே கூடாது. பைப்பை வைத்து இணைப்பு இணைப்பாக ஊற்றி, கீழே ஒருவர் நின்று பார்ப்பது போதும். தட்டோட்டின் இணைப்புகளைச் சுரண்டி, சுண்ணாம்பும் சுர்க்கியும் (செங்கல் தூள்) கடுக்காய், வெல்லத் தண்ணீரில் குழைத்து நிரப்பினார்கள். கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசங்கன்றை வெட்டிவிட்டால் மீண்டும் துளிர்க்கும், ஆகவே நாலு வரிசைச் செங்கல்லை எடுத்து வேரோடு களைந்து திரும்பக் கட்டினோம்.

22 விட்டங்களையும் சுத்தியலால் தட்டி, சுவருக்குள் போகிற முனையில் திருப்புளியால் குத்திப் பார்த்தோம். 19 கெட்டி. மூன்றில் திருப்புளி 3 அங்குலம் உள்ளே போனது. மூன்றும் அடுத்த வீட்டுக் குளியலறையை ஒட்டிய பொதுச்சுவரில் இருந்தன. முட்டுக் கொடுத்து, உளுத்த பாகத்தை அறுத்துவிட்டு, இரண்டு பக்கமும் இரும்புச் சேனல் வைத்து போல்ட் போட்டோம். அடுத்த வீட்டில் போய்ச் சொன்னபோது, தங்கள் பக்கம் குழாய் கசிவதை அவர்களே காட்டினார்கள். சரிசெய்ய ஆன செலவில் பாதியை நாங்கள் கொடுத்தோம். பொதுச்சுவர் வீட்டில் பக்கத்து வீட்டாரோடு பேசாமல் எந்த வேலையும் முழுமையாகாது.

மின்சாரமும் கறையானும்

கார்த்திகை, மார்கழியில் சுண்ணாம்பு வேலை ஓடாது. அந்தக் காலத்தை வயரிங்குக்கு வைத்துக்கொண்டோம். மரப்பட்டை மேல் கிளிப் அடித்த பழைய வயர், பீங்கான் ஃபியூஸ். மூன்று முள் பிளக்குகள் இருந்ததால் எர்த் இருக்கிறது என்று நம்பியிருந்தோம். கழற்றிப் பார்த்தால் எர்த் முள்ளை நியூட்ரலோடு இணைத்திருந்தார்கள். எங்கேயாவது நியூட்ரல் அறுந்தால் ஃப்ரிட்ஜின் உடலே மின்சாரமாகிவிடும். குழந்தைகள் புழங்கப்போகிற வீடு. அதைப் பார்த்த அன்று மெயினை அணைத்தவர்கள், வேலை முடியும்வரை தற்காலிக இணைப்பில்தான் எல்லாம் செய்தோம். கொல்லையில் எர்த் குழி, 30 மில்லி ஆம்பியர் கசிவில் துண்டிக்கும் ஆர்சிசிபி, விளக்குக்கு 1.5, பிளக்குக்கு 2.5, ஏசிக்கும் ஹீட்டருக்கும் 4 சதுர மி.மீ. வயர். சுவரைக் கிழித்து உள்ளே குழாய் பதிக்க எலெக்ட்ரீஷியன் விரும்பினார். சுண்ணாம்புச் சுவரில் கிழித்தால் கைக்கு அகப்பட்ட அளவுக்குப் பொலபொலவென்று வரும். வெளியே தெரிகிற பட்டையே போதும் என்று முடிவு செய்தோம்.

கறையானுக்குச் சுவரும் தரையும் சேருகிற இடத்தில் ஓரடிக்கு ஒரு 12 மி.மீ. துளை போட்டு மருந்து செலுத்தினார்கள். கிணற்றுத் தண்ணீரை நாங்கள் புழங்குவதால் இரண்டாம் கட்டிலும் கொல்லையிலும் மருந்தே வேண்டாம் என்று நிறுத்திவிட்டோம். அங்கே மரத்தை மட்டும் கண்காணிக்கிறோம்.

சுவர்

தை பிறந்த பிறகு மேஸ்திரி கரணையை எடுத்தார். கற்சுண்ணாம்பைக் கொல்லைக் குழியில் நீற்றி மூன்று வாரம் தண்ணீருக்கு அடியில் விட்டார். நீற்றும்போது அது கொதிக்கும், தெறித்தால் கண் போய்விடும். அந்த இரண்டு நாளும் பிள்ளைகளைக் கொல்லைப் பக்கம் விடவில்லை, சித்தாள்களுக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தோம்.

சிமெண்டு முழுவதையும், ஈரக் கோட்டுக்கு மேல் ஒன்றரை அடி வரை பழைய பூச்சையும் எடுத்தோம். பூத்த உப்பைக் காய்ந்த பிரஷால் தேய்த்துக் கூட்டி வெளியே கொட்ட வேண்டும். நான் பைப்பைப் பிடித்துக் கழுவப் போனபோது மேஸ்திரி கையைப் பிடித்துக்கொண்டார். கழுவினால் உப்பு கரைந்து திரும்பச் சுவருக்குள்ளேயே போய்விடும்.

பிறகு ஒரு மாதம் சுவரைச் சும்மா விட்டோம். ஈரச்சுவர் காய ஓர் அங்குலத்துக்கு ஒரு மாதம் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. 14 அங்குலத்துக்கு ஒரு வருஷத்துக்கு மேல். அவ்வளவு காத்திருக்க முடியாது, காத்திருக்கத் தேவையும் இல்லை. சுண்ணாம்புப் பூச்சு வழியாக மீதி ஈரம் வெளியே வந்துகொண்டே இருக்கும். சுண்ணாம்பு, மணல், சுர்க்கி கலந்து இரண்டு பூச்சு, இடையில் பத்து நாள். சிமெண்டு நாட்கணக்கில் இறுகுகிறது. சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு மாதக்கணக்கில் கல்லாகிறது, அதற்கு மெல்லக் காய வேண்டும். மாசி, பங்குனி வெயிலில் ஈரச்சாக்கு தொங்கவிட்டு, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தோம். மேலே பட்டியோ பெயிண்டோ இல்லை, ஐந்து கை வெள்ளை மட்டும்.

பணக் கணக்கு இப்படி வந்தது. கூரை 2.4 லட்சம், வடிகால் 1.3, சுவர் 2.8, வயரிங் 1.9, விட்டமும் மற்ற மரவேலையும் 1.2, குளியலறை, குழாய், சமையலறை 2.1, கறையான் மருந்து 0.3. சுவர்க் கணக்கில் முதலில் வீணான 85 ஆயிரமும் அடக்கம். பழைய சிமெண்டைவிட எங்கள் புதுச் சிமெண்டைக் கொத்தி எடுக்கத்தான் கூலி அதிகமானது.

2024 வைகாசியில் பால் காய்ச்சினோம். அந்த வருஷ ஐப்பசியில் தெருவில் தண்ணீர் நின்றது, முற்றத்தில் நிற்கவில்லை. கூரை சொட்டவில்லை. கூடத்தில் 5½ அடியில் போட்ட பென்சில் கோட்டை வெள்ளையடிக்கும் முன் கதவு நிலைக்கு மாற்றி எழுதியிருந்தேன். கார்த்திகைக் கடைசியில் ஈரம் நின்ற உயரம் ஒன்றேமுக்கால் அடி. அதற்குக் கீழே பூச்சு கொஞ்சம் மாவாக உதிர்கிறது. மேஸ்திரி முதலிலேயே சொல்லியிருந்தார், உள்ளே மிச்சமிருக்கும் உப்பு இந்தப் பூச்சோடுதான் வெளியே வரும் என்று. உதிர்ந்ததைப் பெருக்கிவிடுகிறோம், ஒரு வாளி நீற்றிய சுண்ணாம்பைக் கொல்லையில் தண்ணீருக்கு அடியில் எடுத்து வைத்திருக்கிறோம்.

வாசல் சுவர் மட்டும் இன்னும் 3 அடி வரை ஈரமாகத்தான் இருக்கிறது. அதன் வெளிப்பக்கம் தாரோடு ஒட்டிக்கிடக்கிறது, அங்கே எங்களுக்குத் தோண்ட உரிமை இல்லை. அந்தச் சுவரை ஒட்டி அலமாரி எதுவும் வைக்காமல், இரண்டு ஜன்னலையும் பகலெல்லாம் திறந்து வைக்கிறோம். தெருவைத் திரும்பப் போடும்போது சுரண்டிவிட்டுப் போடச் சொல்லி இந்த வரிசையில் உள்ள 14 வீட்டாரும் கையெழுத்துப் போட்ட மனு கொடுத்திருக்கிறோம். முதல் கையெழுத்து அடுத்த வீட்டுப் பாட்டியுடையது.